மேசைப் போருக்கு டாங்கிப் படை: எந்த அளவு, எந்தக் கிட், எதனால் வண்ணம்?

கிட் பெட்டியின் மேலிருக்கும் படம் எல்லாரையும் இழுக்கும். டைகர் டாங்கி குழலை நீட்டிக்கொண்டு நிற்கும், கை தானாகப் பெட்டியை எடுத்துவிடும். ஆனால் மினியேச்சர் போர் விளையாட்டுக்கு டாங்கி கட்டுகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி பெட்டியில் இல்லை. மேசைமேல் ஒரே நேரத்தில் எத்தனை டாங்கி நிற்கப்போகிறது? ஒன்றிரண்டா, ஐந்தா, பதினைந்தா? இந்த எண் தெரிந்துவிட்டால் எந்த அளவு, எந்தப் பொருள், எதைக் கொண்டு வண்ணம் என்ற மூன்றுக்கும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். எண்ணைத் தள்ளிவைத்துவிட்டு அழகிலிருந்து தொடங்கினால், பாதி கட்டிய மூன்று டாங்கிகளோடு பெட்டி அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும்.

இன்னொன்று, நாம் இருப்பது சிங்கப்பூரில். இந்தப் பொழுதுபோக்குக்கான வழிகாட்டிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. வண்டிக் கொட்டகையும் பின்கட்டுத் தோட்டமும் உலர்ந்த காற்றும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே எழுதியிருப்பார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இவை எதுவும் கிடையாது. அதனால் அவர்களுக்குச் சரியாக வரும் சில தேர்வுகள் நமக்குச் சரியாக வராது.

எந்த அளவு?

இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க ஷெர்மன் டாங்கியையே அளவுகோலாக எடுத்துக்கொள்வோம். உண்மையான வண்டியின் நீளம் சுமார் 5.9 மீட்டர், அகலம் சுமார் 2.6 மீட்டர். அது 1/285 அளவில் 2 செ.மீ. நீளம், 1/100 அளவில் 5.9 செ.மீ., 1/72 அளவில் 8.2 செ.மீ., 1/56 அளவில் 10.5 செ.மீ., 1/48 அளவில் 12.3 செ.மீ. 1/35 அளவில் 17 செ.மீ. ஆகிவிடும். அது கண்ணாடி அலமாரிக்கு உரியது, விளையாட்டு மேசைக்கு அல்ல.

வழக்கமான விளையாட்டு மேசை 180 செ.மீ. நீளம், 120 செ.மீ. அகலம். பதினைந்து ஷெர்மன்களை இடைவெளி இல்லாமல் பக்கம் பக்கமாக நிறுத்தினால் 1/100 அளவில் 39 செ.மீ. அடைக்கும், 1/56 அளவில் 70 செ.மீ. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு டாங்கி அகலம் இடம் விட்டால் 1/56 அணிவகுப்பு மேசையில் முக்கால்வாசியைப் பிடித்துவிடும். அப்புறம் அது போர்க்களமாக இருக்காது, வண்டி நிறுத்துமிடமாகத்தான் இருக்கும். தொலைவின் கணக்கு இதைவிட மோசம். 120 செ.மீ. அகல மேசை 1/56 அளவில் 67 மீட்டருக்குச் சமம், 1/100 அளவில் 120 மீட்டர், 1/285 அளவில் 342 மீட்டர். டாங்கிகள் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே சுட்டுக்கொண்டன. எந்த அளவில் விளையாடினாலும் தொலைவைச் சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றாலும், அளவு சிறுத்தால் அந்தச் சுருக்கம் கண்ணை உறுத்துவது குறையும்.

ஆகவே டாங்கிகளே முக்கியமாக மோதும் போர் வேண்டுமென்றால் 1/100. ஃப்ளேம்ஸ் ஆஃப் வார் விளையாடுகிறவர்கள் இந்த அளவில்தான் படை திரட்டுகிறார்கள். பிளாஸ்டிக் சோல்ஜர் கம்பெனியின் 1/100 பெட்டியில் ஐந்து டாங்கிகள் வரும், அது சரியாக ஒரு பிளட்டூனுக்கு, அதாவது ஒரு சிறு டாங்கி அணிக்குப் போதும். காலாட்படைச் சண்டையில் ஒன்றிரண்டு டாங்கி துணைக்கு வரும் போல்ட் ஆக்ஷன் போன்ற விளையாட்டு என்றால் 1/56. 28 மி.மீ. பொம்மைகளுக்குப் பொருந்துவது அதுதான். 28 மி.மீ. என்பது 1/56 அளவில் சுமார் 1.57 மீட்டர், ஒரு ஆளின் கண்மட்ட உயரம். டமியாவின் 1/48 கிட்டுகள் செதுக்கலில் மிக நேர்த்தியானவை. ஆனால் 28 மி.மீ. ஆட்கள் பக்கத்தில் நின்றால் டாங்கி ஒரு சுற்று பெருத்துத் தெரியும். ஒரே ஒரு டாங்கி போதும் என்றால் பரவாயில்லை. 1/48, 1/56 இரண்டையும் ஒரே மேசையில் கலக்கக் கூடாது.

1/72 அளவை இப்போது பலர் மறந்துவிட்டார்கள். அது சரியில்லை. பொது மாடல் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் அளவு அது. காலாட்படைப் பெட்டிகளும் மலிவு, வண்டி வகைகளும் ஏராளம். வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பழைய ஏர்ஃபிக்ஸ் டாங்கிகள் 1/76 அளவில் வந்தவை, 1/72 பக்கத்தில் வைத்தால் குட்டையாகத் தெரியும். ரப்பர் போல வளையும் மென்மையான டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) வரும் கிட்டுகளையும் தவிர்க்க வேண்டும். அந்த டிராக்கின் மேல் வண்ணம் நிற்காது, வளையும்போது உரிந்துவிடும். நாளடைவில் அதிலுள்ள மென்மையூட்டி வேதிப்பொருள் பிளாஸ்டிக் சக்கரத்தையே கரைத்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. கெட்டி பிளாஸ்டிக் டிராக் உள்ள கிட்டைத் தேடி வாங்குங்கள்.

நம் மண்ணின் போரை மேசைக்குக் கொண்டுவர விரும்புகிறவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். 1941 டிசம்பரில் ஜப்பானியர் இறங்கியபோது மலாயாவில் பிரிட்டிஷ் தரப்பிடம் டாங்கியே இல்லை. 1942 ஜனவரி 7 அன்று ஸ்லிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் சாலை வழியாகவே பாதுகாப்பு வரிசைகளைப் பிளந்துகொண்டு போனதற்கு அதுவும் ஒரு காரணம். பதினொரு நாள் கழித்து, ஜோகூரின் மூவார் பக்கம் பக்ரி சாலையில், ஆஸ்திரேலியர்களின் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் ஒன்பது டைப் 95 ஹா-கோ டாங்கிகளை வரிசையாக அடித்து நொறுக்கின. இந்தப் பக்ரி சண்டைக்கு ஒரு தரப்பில் ஒன்பது டாங்கி, மறு தரப்பில் இரண்டு 2-பவுண்டர் பீரங்கியும் கொஞ்சம் காலாட்படையும் போதும். ஹா-கோ வெறும் 4.4 மீட்டர் நீளமுள்ள சிறிய வண்டி. 1/56 அளவில்கூட 7.8 செ.மீ.தான், அதாவது 1/72 ஷெர்மனைவிடச் சிறியது. பதினைந்து ஷெர்மனுக்கு இடம் தராத மேசையில் ஒன்பது ஹா-கோக்கள் தாராளமாக ஓடும். அளவை முடிவு செய்யும்போது எண்ணிக்கையோடு எந்த டாங்கி என்பதையும் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். இந்தப் போரை 1/72 அல்லது 1/56 அளவில் கட்டுவதே எங்கள் பரிந்துரை. ரப்பர் தோட்டத்து மரங்களுக்கு நடுவே ஒற்றைச் சாலையில் நடக்கும் பதுங்குத் தாக்குதலுக்கு 1/100 ஹா-கோ 4.4 செ.மீ.தான் வரும், அதன் நயமெல்லாம் கண்ணுக்கே எட்டாது.

பிளாஸ்டிக், ரெசின், அச்சு

பிளாஸ்டிக் கிட் கிடைக்கிறது என்றால் வேறெதையும் பார்க்க வேண்டாம். பிளாஸ்டிக் பசை உண்மையில் பசை அல்ல, இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கும் கரைப்பான். டமியா எக்ஸ்ட்ரா தின் போன்ற நீர்த்த வகையை, இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்தபடி இணைப்புக் கோட்டில் தூரிகை நுனியால் தொட்டால் போதும், அதுவே உள்ளே ஓடிவிடும். முதலில் தடவிவிட்டுப் பிறகு ஒட்டுவது கெட்டிப் பசைக்குத்தான் சரி. இப்படிப் பற்றவைத்த டாங்கி மேசையிலிருந்து விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். விளையாட்டு மாடலுக்கு அதைவிடப் பெரிய தகுதி வேறில்லை.

ஐந்தைந்தாகக் கட்டுங்கள். ஐந்து டாங்கிகளின் சக்கரங்களையும் முதலில் வெட்டிச் சுத்தம் செய்து, பிறகு உடற்பகுதி, பிறகு டரட் (குழல் பொருத்திய, சுழலும் மேற்கூடு) என்று போனால் கை பழகிவிடும். துண்டுகள் இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து துண்டை வெட்டும்போது நிப்பரை (வெட்டுக் குறட்டை) ஒட்டிவைத்து வெட்டாமல் 1 மி.மீ. விட்டு வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவுங்கள். ஒட்டி வெட்டினால் பிளாஸ்டிக் வெளுத்துக் குழி விழும். குழலின் மேல் ஓடும் அச்சுக் கோட்டைக் கத்தி முதுகால் சுரண்ட வேண்டும். தேய்த்துத் தட்டையாக்கினால் குழல் உருண்டையாக இருக்காது. ஷெர்மனின் சக்கரத் தொகுதிகளில் இடப்பக்கம் வேறு, வலப்பக்கம் வேறு. ஐந்தையும் மொத்தமாகக் குவித்து வைத்துக் கட்டும்போதுதான் இவை மாறிப்போகும், அதனால் இரண்டு கிண்ணங்களில் பிரித்து வையுங்கள். முதன்முறை கட்டுகிறவருக்கு டி-34 உகந்தது. பக்கத்துக்கு ஐந்தே பெரிய சக்கரங்கள், தட்டையான சாய்வுத் தகடுகள், ஒரே பச்சை நிறம். முற்காலத்து டைகரில் பக்கத்துக்கு எட்டு அச்சு, ஒவ்வொன்றிலும் மூன்று சக்கரம், எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கோத்தவை. உள்வரிசையை ஒட்டுவதற்கு முன்பே வண்ணம் பூசாவிட்டால் பிறகு தூரிகை நுழையாது.

அரிய வண்டிகளுக்கு ரெசின், அதாவது வார்ப்பில் ஊற்றி இறுகவைத்த பிசின் மாடல்தான் வழி. வார்ப்பிலிருந்து எளிதில் கழல்வதற்காகப் பூசிய எண்ணெய்ப்பசை அதன் மேல் இருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு பழைய பல்தூரிகையால் தேய்த்துக் கழுவாவிட்டால் பிரைமர் (வண்ணம் பிடிப்பதற்காக முதலில் பூசும் பூச்சு) உரிந்துவிடும். வளைந்த குழலைச் சூடான நீரில் சில நொடி முக்கி, நிமிர்த்தி, உடனே குளிர்நீரில் போட்டால் நேராக நிற்கும். ஆனால் நம் ஊர் வெப்பத்தில் மெல்லிய ரெசின் குழல் காலப்போக்கில் மறுபடி தொய்யக்கூடும். 1/56 அளவிலும் அதற்கு மேலும் பித்தளைக் குழாயை மாற்றி வைப்பதே நிரந்தரத் தீர்வு. ரெசினைத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகக் கூடாது.

ரெசினுக்கும் உலோகத்துக்கும் பிளாஸ்டிக் பசை வேலை செய்யாது, சூப்பர் குளூதான். இங்கே ஈரப்பதம் தொல்லை தரும். சூப்பர் குளூ காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகுகிறது. சிங்கப்பூர்க் காற்றில் அது வேகமாகவே இறுகும், கூடவே அதன் ஆவி ஈரத்தோடு கலந்து இணைப்பைச் சுற்றி வெள்ளைப் படலமாகப் படியும். மூடிய பெட்டிக்குள் காயவைத்தால் படலம் மோசமாகும். மிகக் குறைவாகத் தடவி, விசிறிக் காற்று மெல்ல ஓடும் இடத்தில் வையுங்கள். திறந்த பாட்டிலை சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் பல மாதம் வரும், வெளியே வைத்தால் சீக்கிரமே கெட்டியாகிவிடும்.

முப்பரிமாண அச்சு எந்திரத்தால் டாங்கியை வீட்டிலேயே அச்சிடுவது பலரையும் ஈர்க்கிறது. இழை உருக்கும் எந்திரத்தில் 0.2 மி.மீ. முனையும் 0.08 மி.மீ. அடுக்கும் வைத்தால் 1/56 டாங்கி மேசைக்குப் போதுமான நேர்த்தியோடு வரும். சாய்வான முன் தகட்டில்தான் அடுக்குக் கோடு படிக்கட்டாகத் தெரியும். உடற்பகுதியைச் சாய்த்து வைத்து அச்சிட்டால் கோடுகள் கண்ணில் படாத அடிப்பக்கத்துக்குத் தள்ளப்படும். இதற்குப் பயன்படும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழை ஈரம் உறிஞ்சினால் மடக் மடக்கென்று உடையும், அச்சில் நூல் நூலாக இழுபடும். சுருளை 45 முதல் 50 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்திய பிறகே பயன்படுத்துங்கள், மிச்சத்தை உலர் பெட்டியில் வையுங்கள். இன்னோர் எச்சரிக்கை: பிஎல்ஏ சுமார் 60 டிகிரியில் இளகிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவந்த படை மாலையில் வளைந்து கிடக்கும்.

திரவ ரெசின் அச்சு எந்திரம் நயத்தில் பிளாஸ்டிக் கிட்டுக்கே போட்டி போடும், 1/100 அளவில் அதுவே சிறந்தது. ஆனால் சின்ன வீட்டில் அதை வைப்பதற்கு நாங்கள் எளிதில் தலையாட்ட மாட்டோம். வாசனை தூங்கும் அறைவரை வரும், கையுறை இல்லாமல் தொட்டால் தோல் ஒவ்வாமை வரும், கழுவ வைத்திருக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும். கழுவிய திரவத்தைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில், தனியாகக் காற்றோட்டமுள்ள அறை இல்லையென்றால், அச்சிட்டுத் தருகிறவர்களிடம் வாங்கிக்கொள்வதே நல்லது.

ஸ்பிரேயா, தூரிகையா, ஏர்பிரஷ்ஷா?

இங்கேதான் சிங்கப்பூரின் காற்று உண்மையில் தீர்ப்புச் சொல்கிறது. மழையில்லாத நாளில்கூட விடியலுக்கு முன் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், பிற்பகல் நடுப்பொழுதில் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்கும். லாக்கர் வகை ஸ்பிரேயில் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் நீராகப் படிந்து வண்ணத்துக்குள் சிக்கிக்கொள்ளும். ஆலிவ் பச்சை டாங்கி சாம்பல் பூத்துக் கிடப்பது இதனால்தான். அலுவலகம் கிளம்புமுன் காலை ஏழு மணிக்கு ஒரு தடவை அடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், அது ஒரு நாளின் மோசமான நேரங்களில் ஒன்று. மழை பெய்யாத நாளில் பிற்பகல் இரண்டிலிருந்து நான்குக்குள் அடியுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஸ்பிரே டப்பாவைத் தொடாமலே இருக்கலாம்.

ஸ்பிரே டப்பாவின் பலம் வேகம். ஐந்து டாங்கிகளை ஒரு மரப்பலகையில் இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டி, டப்பாவை ஒன்றிரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 20 முதல் 25 செ.மீ. தள்ளி, டாங்கிக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும் சிறு வீச்சாக அடித்தால், பத்து நிமிடத்தில் பிளட்டூனுக்கு அடிநிறம் முடிந்துவிடும். முதலில் தலைகீழாக வைத்துச் சக்கரங்களுக்கும் அடிப்பாகத்துக்கும் அடியுங்கள், காய்ந்த பிறகு நிமிர்த்தி மேற்பாகம். டமியாவின் டிஎஸ்-5 ஆலிவ் டிராப், டிஎஸ்-3 டார்க் எல்லோ, டிஎஸ்-4 ஜெர்மன் கிரே போன்ற 100 மி.லி. டப்பாக்கள் இதற்கு ஏற்றவை. டப்பாவை வெந்நீரில் வைத்துச் சூடாக்கச் சொல்லும் யோசனை குளிர்நாட்டுக்கானது, இங்கே வேண்டவே வேண்டாம். டப்பாக்களை விமான அஞ்சலில் அனுப்ப முடியாது என்பதால் வெளிநாட்டுக் கடையில் தேடுவதும் வீண், உள்ளூரில் கிடைக்கும் நிறத்தை வைத்தே படையைத் திட்டமிடுங்கள்.

எங்கே அடிப்பது என்பது இன்னும் பெரிய கேள்வி. பொதுத் தாழ்வாரத்தில் அடித்தால் வாடை அடுத்த வீட்டுச் சன்னல் வழியே உள்ளே போகும். சன்னலுக்கு வெளியே நீட்டி அடித்தால் கீழ்மாடிக்காரர் கம்பில் காயவைத்த துணிமேல் பச்சைத் தூசி இறங்கும். பன்னிரண்டாம் மாடிக் காற்று இன்னொரு சேதமும் செய்யும். வண்ணத்துளி டாங்கியைத் தொடுமுன்பே பாதி காய்ந்து, பரப்பு மணல் தூவியதுபோலச் சொரசொரப்பாகிவிடும். அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து உள்ளே வைத்து அடித்தால் சிதறலும் காற்றும் குறையும், வாடை குறையாது. தரைவீட்டில் இருக்கும் நண்பர் ஒருவர் இருந்தால், மாதம் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் அவர் வீட்டில் எல்லாருடைய படைக்கும் ஒரே மூச்சில் அடிநிறம் முடித்துக்கொள்வதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

தூரிகை வாடையில்லாதது, நேரம் பார்க்க வேண்டியதில்லை, நள்ளிரவிலும் பூசலாம். வல்லேஹோவின் சர்ஃபேஸ் பிரைமரைத் தூரிகையாலேயே இரண்டு மெல்லிய பூச்சாகப் பூசி ஒருநாள் விட்டுவிடுங்கள். அவசரப்பட்டு அதைக் கத்தியால் சீவினால் ரப்பர்போல உரியும். அதன்மேல் மாடல் கலர் வகையைத் தண்ணீர் கலந்து இரண்டு மூன்று பூச்சு. முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் தெரியும், அதைப் பார்த்துப் பயந்து கெட்டியாக அப்பினால் ரிவெட்டுகள் மறைந்துவிடும். நிமிர்ந்த பக்கத் தகடுகளில் தூரிகையை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். கோடு விழுந்தாலும் மழைநீர் வழிந்த தடம்போல இருக்கும். 6 மி.மீ. தட்டைச் செயற்கை இழைத் தூரிகை ஒன்று போதும், பிராஸ் பாசா வளாகத்து ஆர்ட் ஃபிரெண்டில் எடுத்துப் பார்த்தே வாங்கலாம். சீலிங் ஃபேன் நேராக அடித்தால் தட்டிலுள்ள வண்ணத்தில் ஆடை கட்டிவிடும். ஈரத் தட்டு செய்துகொள்ளுங்கள்: மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, நனைத்த சமையலறைக் காகிதம், அதன்மேல் பேக்கிங் காகிதம். நம் ஊரில் நான்கு நாளில் பூஞ்சை வாடை வந்துவிடும் என்பதால் காகிதத்தை அடிக்கடி மாற்றுங்கள். டமியாவின் எக்ஸ்எஃப் வரிசை ஆக்ரிலிக்கைத் தூரிகையால் பூசாதீர்கள். இரண்டாம் பூச்சு முதல் பூச்சைக் கரைத்துத் தூக்கிவிடும். அதே வண்ணம் ஏர்பிரஷ்ஷில் (அழுத்தக் காற்றால் வண்ணம் தூவும் கைக்கருவி) அருமையாக வேலை செய்யும்.

ஏர்பிரஷ் மூன்றிலும் நேர்த்தியானது, செலவும் பராமரிப்பும் மிகுந்தது. 0.3 மி.மீ. முனை, அழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ, காற்றுத் தொட்டியுள்ள கம்ப்ரஸர் இவை அடிப்படை. தொட்டி இருந்தால் மோட்டார் இடைவிடாமல் ஓடாது, இரவில் அடுத்த வீட்டுக்குத் தொல்லை குறையும். இங்கே விட்டுவிடவே கூடாத உறுப்பு நீர்ப்பொறி. ஈரக்காற்றை அழுத்தும்போது தண்ணீர் பிரியும், அது குழாய் வழியே வந்து டாங்கிமேல் சொட்டாகத் துப்பும். வேலை முடிந்ததும் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து நீரை வடித்துவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளே துரு பிடிக்கும். சன்னலுக்கு வெளியே குழாய் விட்ட சிறு ஸ்பிரே கூண்டு இருந்தால் ஏர்கான் அறையிலேயே வேலை செய்யலாம். ஏர்கான் காற்று உலர்ந்தது என்பதால் சாம்பல் பூக்கும் சிக்கலும் வராது. மழைக்காலத்திலும் தடையில்லாமல் வேலை நடப்பது இந்த ஒன்றில்தான். டமியா ஆக்ரிலிக்குக்கு அதன் எக்ஸ்-20ஏ தின்னரைச் சரிபாதி கலந்து தொடங்குங்கள். ஆனால் ஒவ்வொரு நிறம் மாற்றும்போதும் கழுவ வேண்டும், முடிவில் ஊசியைக் கழற்றித் துடைக்க வேண்டும். ஒரே ஒரு டாங்கிக்கு இதையெல்லாம் செய்தால், பூசிய நேரத்தைவிடக் கழுவிய நேரம்தான் கூடுதலாக இருக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை நீங்கள் கட்டும் படையின் நிறமும் முடிவு செய்யும். அமெரிக்க ஆலிவ் டிராப், சோவியத் பச்சை, 1943க்கு முந்தைய ஜெர்மன் சாம்பல் எல்லாம் ஒற்றை நிறம். பதினைந்து டாங்கியானாலும் ஸ்பிரே டப்பாவால் அடிநிறம் அடித்து, மற்றதைத் தூரிகையால் முடிப்பதே சிறந்த வழி. 1943 பிப்ரவரிக்குப் பிறகு ஜெர்மானியர் மங்கிய மஞ்சளை அடிநிறமாக்கி, அதன்மேல் பச்சையும் செம்பழுப்பும் படைப்பிரிவிலேயே தெளித்தார்கள். அந்த மங்கலான விளிம்பு தூரிகைக்கு வசப்படாது. பெரிய ஜெர்மன் படை கட்டப்போகிறவருக்கு ஏர்பிரஷ் செலவு வீண்போகாது. ஜப்பானிய டாங்கிகளின் திட்டு உருமறைப்பு கூர்மையான விளிம்புள்ளது, அதனால் பக்ரி ஒன்பதுக்குத் தூரிகையே பொருத்தம். 1/56 அளவில் ஓரிரு டாங்கி மட்டும் கட்டுகிறவர், எந்த நாட்டுப் படையானாலும், தூரிகையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அடிநிறம் எதனால் பூசினாலும் ஒரு படி வெளிறிய நிறமாக இருக்கட்டும். சின்னப் பொருளில் நிறம் அடர்ந்து தெரியும், பிறகு வரும் வாஷ் (பள்ளங்களில் தேங்கி நிழல் காட்டும் நீர்த்த அடர்வண்ணம்) இன்னும் கறுப்பாக்கும். 1/100 டாங்கிக்கு ஆலிவ் பச்சையோடு நாலில் ஒரு பங்கு காக்கி கலந்தால் மேசையில் சரியாகத் தெரியும்.

வாஷிலிருந்து வார்னிஷ்வரை

1/100 அளவுக்கு ஆக்ரிலிக் வாஷ் முழுதாக ஓட்டி, காய்ந்தபின் வெளிர் நிறத்தால் டிரைபிரஷ் செய்தால், அதாவது வண்ணத்தைத் துடைத்தெடுத்த தூரிகையால் மேடுகளை மட்டும் உரசினால் போதும். என்ஜின் மூடி போன்ற தட்டைப் பரப்பில் வாஷ் குளம்கட்டினால் காய்ந்தபின் வட்டக்கறை விழும், ஈரம் இருக்கும்போதே சுத்தமான தூரிகையால் உறிஞ்சி எடுங்கள். 1/56 அளவுக்குப் பளபள வார்னிஷ் அடித்து, அடர்பழுப்பு எண்ணெய் வண்ணத்தை ஒயிட் ஸ்பிரிட்டில் கரைத்து மூலைகளிலும் ரிவெட் ஓரங்களிலும் மட்டும் தொட்டு வைப்பது அழகு. ஒரு டியூப் பல வருடம் வரும். ஆனால் வாடைக்குச் சன்னல் திறந்திருக்க வேண்டும்.

டிகால் (எண்ணும் சின்னமும் அச்சிட்ட, நீரில் நனைத்து ஒட்டும் படலம்) ஒட்டுமுன்பும் பளபள வார்னிஷ் தேவை. மேட் (பளபளப்பற்ற) பரப்பின் நுண்குழிகளில் காற்று சிக்கி, டிகாலின் ஓரம் வெள்ளியாக மின்னும். டிகாலைப் படியவைக்கும் திரவங்களில் அடியில் மைக்ரோ செட், மேலே மைக்ரோ சால் தடவினால் தகட்டோடு படிந்துவிடும். சால் தடவியதும் டிகால் சுருங்கும். பதறித் தொடாதீர்கள், காய்ந்ததும் தானே விரியும்.

சேற்றின் நிறத்திலும் இடம் பார்க்க வேண்டும். புக்கிட் தீமா பக்கத்து மண் செம்மண். மலாயாப் போர் டாங்கிக்குச் சக்கரத்தைச் சுற்றி அந்தச் செம்புழுதி பொருந்தும். அதே டப்பாவை நார்மண்டி ஷெர்மனுக்கும் பயன்படுத்தினால் இடம் பொய்யாகிவிடும், அங்கே வேண்டியது பழுப்பு.

மேட் வார்னிஷை டப்பாவிலிருந்து அடிப்பதுதான் இந்த ஊரில் மிக ஆபத்தான கட்டம். மற்ற எல்லா வேலையும் முடிந்தபின், ஈரப்பதத்தால் படை முழுவதும் பனிபூத்துவிடும். அப்படி ஆகிவிட்டால் பளபள வார்னிஷைத் தூரிகையால் ஒரு பூச்சுப் பூசிப் பாருங்கள், பல நேரங்களில் வெள்ளை மறைந்துவிடும். மேட் பூச்சைத் தூரிகையாலோ ஏர்பிரஷ்ஷாலோ செய்வது பாதுகாப்பு. அதற்கடியில் பளபள பூச்சு ஒன்று கட்டாயம் இருக்கட்டும். வியர்த்த விரல்களால் நாள்முழுக்கத் தூக்கி நகர்த்தும்போது டரட் ஓரங்களும் முன்மூலைகளும்தான் முதலில் தேயும், மேட் மட்டும் பூசியிருந்தால் தாங்காது.

எடுத்துச் செல்வதையும் கட்டும்போதே யோசிக்க வேண்டும். டரட்டை ஒட்டாமல், 5 மி.மீ. குறுக்களவுள்ள நியோடிமியம் காந்தம் ஒன்றை உடலிலும் ஒன்றை டரட்டிலும் பதித்தால் அது சுழலும், கவிழ்ந்தாலும் விழாது. பசை இடுமுன் துருவம் பார்த்து மார்க்கரால் புள்ளி வையுங்கள். எல்லா டாங்கிக்கும் ஒரே திசையில் பதித்தால் டரட்டுகளை மாற்றிப் போட்டும் ஆடலாம். அடிப்பாகத்தில் காந்தத் தாள் ஒட்டி, உலோகத் தகடு விரித்த பெட்டியில் நிறுத்தினால் எம்ஆர்டி நெரிசலிலும் நகராது. ஃபோம் பெட்டி வேண்டாம். வெப்பத்தில் இளகிய வார்னிஷ் ஃபோமில் ஒட்டி, எடுக்கும்போது பூச்சு உரியும்.

மிஞ்சிய டிகால் தாள்களை ஜிப் பையில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, கேமரா வைக்கும் உலர் அலமாரி இருந்தால் அதில் வையுங்கள். வெளியே கிடந்து பழுத்த தாள் தண்ணீரில் போட்டதும் சுக்குநூறாக உடையும். அப்படிச் சந்தேகமான தாளாக இருந்தால், வெட்டுமுன் அதன்மேல் பளபள வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சு பூசி ஒருநாள் காயவிடுங்கள், துண்டு துண்டாகப் போகாமல் முழுதாகக் கழன்று வரும்.